மூடுவதற்கு ஒரு தவறணை

நாவலடிக்கு வந்த துன்பமெல்லாம் அந்த ஊரில் ஒரு கள்ளுத் தவறணை இல்லாததால் வந்தது.

நீங்கள் சிரிப்பீர்கள், பிள்ளைகளே. சிரியுங்கள். ஆனால் இந்தக் கதையில் இலட்சுமணன் என்றொரு மனிதன் வருவான். கதை முடியுமட்டும் அவனுக்குச் சிரிப்பு வராது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு சிரியுங்கள்.

அது இலங்கை முழுவதும் மதுவிலக்கு அடித்த காலம். காய்ச்சல் பரவுவதுபோல ஊரூராகப் பரவியது. ஓர் ஊரார் கூடி வாக்குப் போட்டு, 'எங்களுக்குக் கள்ளு விற்கும் தவறணை வேண்டாம்' என்று சொன்னால் அரசாங்கம் அதை மூடிவிடும். மூடிய ஊருக்கு, மாகாணத்தை ஆளும் ஏசண்டுத் துரை தாமே வந்து, பெரியவர்களோடு கைகுலுக்கி, ஒரு வெள்ளிக் கேடயம் கொடுத்து, பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொள்வார்.

பக்கத்து ஊரான கரம்பொன் முந்திக்கொண்டது. கரம்பொன்காரர் தங்கள் தவறணையை மூடி, கேடயத்தை வாங்கி, அதை மாட்டுவண்டியில் ஏற்றி, மேளம் முழங்க நாவலடி வழியாகக் கொண்டுபோனார்கள். வேறு வழி இருந்தது. இருந்தும் நாவலடி வழியாகத்தான் கொண்டுபோனார்கள்.

நாவலடி, ஊர்காவற்றுறைத் தீவில், கரம்பொனுக்கும் கடலுக்கும் நடுவே பனங்கூடலுக்குள் கிடந்த சிற்றூர். அந்த வண்டி போன மறுநாளே அங்கே மதுவொழிப்புச் சங்கம் பிறந்துவிட்டது. தலைவர் சரவணமுத்தர், மலாயாவில் ரெயில்வே ஸ்ரேசன் மாஸ்டராக இருந்து பென்சனோடு வந்தவர். ஒரு கையை உயர்த்தாமல் அவருக்குப் பேச வராது. உயர்த்தினால் எதிரே வருவது மாடானாலும் நிற்கவேண்டும். செயலாளர் பாலசிங்கம், வழக்குப் பேசும் ஒரு பிறக்கிராசியாரிடம் எழுத்து வேலை பார்ப்பவர். சட்டம் படித்தவர் அல்லர். ஆனால் படித்தவருக்குப் பக்கத்துக் கதிரையில் நெடுங்காலம் இருந்தவர்.

சங்கம் தொடங்கிய உற்சாகத்தில் வாக்கெடுப்பு வேண்டும் என்று துரையின் அலுவலகமான கச்சேரிக்கு எழுதினார்கள். 'உங்கள் ஊரில் தவறணை இல்லை. இல்லாததை மூட விதியில்லை' என்று பதில் வந்தது.

சங்கத்தார் அந்தக் கடிதத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தார்கள். கடைசியில் சரவணமுத்தர் எழுந்து கையை உயர்த்தினார்.

"அன்பர்களே! கரம்பொனிடம் என்ன இருந்தது? தவறணை இருந்தது. ஆகவே மூடினார்கள். நம்மிடம் என்ன இருக்கிறது? ஒழுக்கம் இருக்கிறது. ஒழுக்கத்தைக் காட்டி உலகத்தில் யாராவது கேடயம் வாங்கியிருக்கிறார்களா? குடிக்காதவன் குடியை விடமுடியாது. விழாதவன் எழமுடியாது. ஆகவே, நாவலடி மக்களின் நன்மையைக் கருதி, மதுவை அடியோடு ஒழிக்கும் நோக்கத்துடன், இந்தச் சங்கம் ஒரு தவறணையைத் திறக்க வேண்டும்!"

கைதட்டல் அடங்க நேரமெடுத்தது.

"ஆனால் அது ஒழுக்கமான தவறணையா இருக்கவேணும்," என்றார் பாலசிங்கம். "கண்ட வெறிக்குட்டியிட்டைக் குடுக்க ஏலாது. ஒரு சொட்டும் குடியாத ஆளாப் பாத்து வைக்கவேணும்."

அப்படித்தான் இலட்சுமணனைக் கூப்பிட்டார்கள்.

இலட்சுமணன் பனையேறி. அவன் வளவில் நின்ற ஒற்றைப் பனையைத் தவிர, ஊரிலுள்ள பனை எல்லாம் சங்கத்து அங்கத்தவர்களுடையது; அவற்றில் ஏறிப் பாளை சீவி, சாறு வடிய மண்முட்டி கட்டுவது அவனுடைய சீவியம். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவிவிட்டால் இறங்குவது இனிப்பான கருப்பநீர், ஊர்ப்பேச்சில் கருப்பணி; காய்ச்சினால் பனங்கட்டி. தடவாவிட்டால் அதே சாறு புளித்துக் கள்ளாகிவிடும். நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடுவில் ஒரு விரல் சுண்ணாம்புதான் இருக்கிறது.

அவனுடைய பெண்சாதி நல்லம்மாவின் தமையன், கள்ளு வெறியோடு மரமேறி விழுந்து செத்தவன். முந்தின ஆனி மாதம் நயினாதீவுத் திருவிழாவுக்குப் போனபோது, இலட்சுமணன் நல்லம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அம்மனுக்குச் சத்தியம் செய்தான்: சுண்ணாம்பு தடவாத முட்டியை இனி மரத்தில் கட்டுவதில்லை. பனையேறிகள் கோயிலுக்குள் போக அந்நாளில் வழியில்லை. வெளிவீதியில் நின்றுதான் சத்தியம் செய்தான். அம்மனுக்குக் காது கேட்டிருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

இதையெல்லாம் சரவணமுத்தர் வீட்டு முற்றத்தில், சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று சொன்னான்.

"ஐயா, எனக்கு ஏலாது. சத்தியம் பண்ணிப்போட்டன்."

"அதுக்குத்தானேடா உன்னை எடுக்கிறம்," என்றார் சரவணமுத்தர். "சத்தியவான் வித்தால்தான் தவறணைக்கு மதிப்பு."

"வித்தால் சத்தியம் போயிடும் ஐயா."

"எத்தினை நாளைக்கு? வாற ஆனியிலை மூடிப்போடுவம். பிறகு நீ உன்ரை சத்தியத்தைத் திரும்ப எடுக்கலாம்."

பாலசிங்கம் பக்கத்திலிருந்து மெதுவாகச் சொன்னார். "யோசிச்சுச் சொல்லு, இலட்சுமணன். கட்டாயம் ஒண்டும் இல்லை. நீ மாட்டன் எண்டால், இஞ்சை ஒருத்தரும் உன்னை ஒண்டும் செய்யமாட்டினம். தங்கடை பனையளை மட்டும் வேறை ஆளுக்குக் குடுப்பினம்."

இலட்சுமணன் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து குசினி வாசலில் குந்தினான். நல்லம்மா பனங்கட்டி காய்ச்சிக்கொண்டிருந்தாள். அவன் சொல்லி முடிக்கும்வரை கிண்டும் துடுப்பை நிறுத்தவில்லை.

"சுண்ணாம்பில்லாத முட்டி இந்த வளவுக்கை வந்தால், நான் இந்த வாசல் படலையைத் தாண்டிப் போயிடுவன்," என்றாள். "பிறகு என்னைத் தேடவேண்டாம்."

"மரம் போயிடுமே, பிள்ளை."

"மரம் வேணும். சத்தியமும் வேணும்."

"ரண்டும் எப்பிடி?"

நல்லம்மா துடுப்பை எடுத்து ஓரத்தில் தட்டினாள். "தவறணை எண்டு வெளியாலை பலகை போடுவினம். உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு பலகை வந்து பாக்குமோ? நீங்கள் எப்பவும்போலச் சுண்ணாம்பைத் தடவிக் கட்டுங்கோ."

"குடிக்கிறவை கேப்பினமே?"

"ஆர் கேப்பினம்? கள்ளின்ரை ருசி தெரியுமெண்டு ஆர் முதலிலை வாய் திறப்பினம்?"

பங்குனி மாதம், கச்சேரியில் இலட்சுமணன் பேரில் அனுமதி எடுத்து, நல்ல நேரம் பார்த்து, நிறைகுடம் வைத்து, தேவாரம் பாடித் தவறணையைத் திறந்தார்கள். கிடுகுக் கொட்டில், உட்கார இரண்டு வாங்கு, ஒரு பலகை. முதல் நாள் ஒருவரும் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. ஆள் வராத தவறணையை மூடினால் யாருக்குப் பெருமை? சங்கம் அவசரமாகக் கூடி ஒரு விதி செய்தது: வீட்டுக்கு ஓர் ஆண், ஒவ்வொரு பின்னேரமும், கட்டாயம் குடிக்கவேண்டும். வராத வீட்டார் ஊர்ப் பொதுக்கிணற்றில் தண்ணீர் அள்ள ஏலாது.

முதலாவதாக வந்தவர் பலசரக்குக் கடை வைத்திலிங்கம். குடையை மடித்துச் சாய்த்துவிட்டு, பலிக்கு வந்த ஆடுபோல வாங்கில் இருந்தார். இலட்சுமணன் பனையோலைப் பிளாவில் வார்த்துக் கொடுத்தான். வைத்திலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மிடறு குடித்தார். கண்ணைத் திறந்தார். பிளாவைப் பார்த்தார். இலட்சுமணனைப் பார்த்தார்.

இலட்சுமணன் முட்டியை மெல்லப் பின்னால் நகர்த்தினான்.

"இன்னுங் கொஞ்சம் வார்," என்றார் வைத்திலிங்கம்.

அவர் குடித்துவிட்டு வெளியே வந்தபோது வேலியோரம் நின்ற சரவணமுத்தர் கேட்டார்: "எப்பிடி வைத்திலிங்கம், ஏறிச்சுதோ?"

வைத்திலிங்கம் யோசித்தார். ஏறவில்லை என்றால் நாளைக்கும் வரவேண்டும். ஏறியது என்றாலும் வரவேண்டும். ஏறியது என்றால் தலைவருக்குச் சந்தோஷம்.

"ஓம் ஐயா. கொஞ்சம் ஏறிச்சுது."

"அப்ப ஏன் நேரா நடக்கிறீர்?"

வைத்திலிங்கம் அங்கேயே ஒருமுறை சரிந்து காட்டினார். அது தலைவருக்குப் பிடிக்கவில்லை. அடுத்த நாள் எல்லாரையும் வீதியில் வரிசையாக நிறுத்தி, மலாயாவில் சம்பள நாட்களில் தாம் கண்டதைச் செய்து காட்டினார். கால் எங்கே பின்னவேண்டும், வேட்டி எந்த இடத்தில் அவிழவேண்டும், எந்தச் சொல்லோடு நாக்குப் புரளவேண்டும் என்று ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தார். கோழி கூப்பிட எழும்பித் தோட்டத்துக்கு நீர் இறைக்கும் மனிதர்கள், பின்னேரம் வந்து தலைவருக்கு முன்னால் தடுமாறப் பழகினார்கள்.

வெறிகாரன் இருந்தால் அழுகிற பெண்சாதியும் இருக்கவேண்டுமே. தலைவரின் மனைவி சறோஜினிதேவி, சங்கத்தின் மாதர் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தார். பொழுது சாயும் நேரம் பெண்களைக் கோயிலடியில் கூட்டி அழவைத்தார். "தலையைச் சும்மா சொறியாதையுங்கோ, விரிச்சுவிடுங்கோ. வயித்திலை அடியுங்கோ. பலமா இல்லை, சத்தமா." நல்லம்மாவும் போய் அந்த வரிசையில் நின்றாள். அவள் கண்ணில் ஒரு சொட்டும் வரவில்லை என்று அவளுக்குக் கண்டனம் சொன்னார்கள்.

கருப்பநீரில் மாங்காய்த் துண்டு போட்டுக் குடித்தால் அதற்கு ஈடு உண்டா, சொல்லுங்கள்? சித்திரைக்குள் நாவலடி ஆண்களுக்குக் கன்னத்தில் சதை வைத்தது. எலும்பாய்த் திரிந்தவனுக்கும் தோள் திரண்டது. இதைப் பார்த்த பாலசிங்கம், 'மதுவின் கொடுமையால் ஊராரின் உடல்கள் வீங்கிக் காணப்படுகின்றன' என்று கச்சேரிக்கு எழுதினார்.

சரவணமுத்தரும், தீமையின் அளவை நேரில் அறியவேண்டும் என்பதற்காக, தினமும் ஒரு செம்பு எடுப்பித்து வீட்டுக்குள் வைத்துக் குடித்தார். அவர் அதைப்பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மூன்றாம் வாரம் செம்பு பெரிதாகியது.

ஆக, ஊர் முழுவதுக்கும் தெரியும். ஒருவரும் மற்றவருக்குச் சொல்லவில்லை. பெரியவர்கள் கள்ளென்றால் கள்தானே?

ஆனி மாதம் வாக்கெடுப்புக்கு நாள் வைத்தார்கள். ஏசண்டுத் துரை மத்தியானம் மோட்டார் வள்ளத்தில் வந்திறங்குவார். வாக்கெடுப்பு முடிந்ததும் கேடயம். இறங்குதுறையிலிருந்து தவறணை வரைக்கும் மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

துரைக்கு முன்னால், காலையிலேயே, சைக்கிளில் ஒரு மதுவரி இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். வாக்கெடுப்புக்கு முன் தவறணையைச் சோதித்து, இது தவறணைதான் என்று எழுதிக்கொடுப்பது அவருடைய கடமை. யாரும் எதிர்பார்க்கவில்லை. இலட்சுமணன் அவருடைய தொப்பியைக் கண்டதும் எழுந்து நின்றான், பிறகு உட்காரவேயில்லை.

இன்ஸ்பெக்டர் முட்டிக்குள் ஒரு விரலை விட்டு நாக்கில் வைத்தார். இன்னொரு முட்டியிலும் விட்டார். வெறும் முட்டி ஒன்றைக் கவிழ்த்து, உள்ளே வெள்ளையாய்ப் படிந்திருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினார்.

"இது கருப்பநீர்."

தோரணம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

"உன்னுடைய அனுமதி கள் விற்பதற்கு," என்றார் இன்ஸ்பெக்டர். அவர் பட்டினத்து மனிதர். சட்டம் பேசும்போது புத்தகம்போலப் பேசினார். "கள்ளென்று பலகை போட்டு, குடித்தால் வெறிக்காத பானத்தை மக்களுக்குக் கொடுத்திருக்கிறாய். இது அரசாங்கத்தை ஏமாற்றும் குற்றம். மறியலில் அடைப்பார்கள். வெளியே வந்தபிறகும், இந்த மாகாணத்தில் நீ ஒரு பனையிலும் பாளைக்கத்தி வைக்க அனுமதி கிடையாது."

இலட்சுமணனுடைய இடுப்பில் அந்தக் கத்தி தொங்கிக்கொண்டிருந்தது. அவன் கை தானாக அதன்மேல் போனது. இன்ஸ்பெக்டர் பின்னால் ஓரடி வைத்தார். "கத்தியைக் கழற்றிக் கீழே வை!"

வைத்தான்.

"இப்போது எல்லார் முன்னாலும் சொல். நீ விற்றது கள்ளா, கருப்பநீரா?"

அழுவதற்கென்று கூட்டிக்கொண்டு வந்த பெண்கள் அங்கே நின்றார்கள். அவர்களுக்குள் நல்லம்மா நின்றாள். இலட்சுமணன் அவளைப் பார்த்தான். 'கள்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். குற்றம் போய்விடும், கத்தி திரும்பி வரும், மரம் மிஞ்சும். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னவன், அம்மன் வீதியில் சொன்ன சொல்லை என்ன செய்வான்? நல்லம்மா கண்ணெடுக்காமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். தலையாட்டவுமில்லை, மறிக்கவுமில்லை.

"கருப்பணி ஐயா," என்றான் இலட்சுமணன். "ஒரு நாளும் நான் கள்ளு விக்கேல்லை."

இன்ஸ்பெக்டர் விலங்கை வெளியே எடுத்தார்.

"நில்லுங்கோ!" சரவணமுத்தர் கையை உயர்த்திக்கொண்டு ஓடி வந்தார். இலட்சுமணனுக்காக ஓடி வந்தார் என்று நினையாதீர்கள், பிள்ளைகளே. கள் இல்லை என்றால் தவறணை இல்லை. தவறணை இல்லை என்றால் மூட ஒன்றுமில்லை. மூட ஒன்றுமில்லை என்றால் கேடயம் திரும்பிப்போய்விடும். துரையின் வள்ளம் இதற்குள் கரையை விட்டு வெளிக்கிட்டிருக்கும். "இவன் விசரன். என்ன சொல்லுறன் எண்டு இவனுக்கே தெரியாது. இது கள்ளு. சுத்தமான கள்ளு. ஊர் முழுக்கக் குடிச்சு வெறிச்சுக் கிடந்தது."

"வெறித்தவர் ஒருவரைச் சாட்சிக்கு விடுங்கள்," என்றார் இன்ஸ்பெக்டர். "ஒருவர் போதும்."

"வைத்திலிங்கம்!" என்று தலைவர் கூப்பிட்டார்.

வைத்திலிங்கம் முன்னே வந்தார். இன்ஸ்பெக்டர் எழுதுகோலைத் திறந்தார். "பொது வீதியில் வெறித்திருப்பதும் குற்றம்தான். தண்டம் உண்டு, பெயரும் பதிவாகும். சொல்லும், நீர் வெறித்தீரா?"

வைத்திலிங்கத்துக்குக் கலியாணம் ஆகாத குமர்ப்பிள்ளைகள் இருவர். பதிவான பெயரை எந்தச் சம்பந்தி மதிப்பான்?

"நான் வெறிக்கேல்லை ஐயா. நடிச்சனான்."

"அப்ப அண்டைக்கு வேலிக்கை விழுந்தது?" என்று கத்தினார் பாலசிங்கம்.

"நீங்கள் விழச் சொன்னனீங்கள்."

அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். அவரும் நடித்தவர். அதற்கடுத்தவர், தாம் ஒருநாள் உண்மையாகவே சரிந்தது வாழைப்பழத்தோலில் என்றார். ஒவ்வொருவரும் தன் மானத்தை மீட்டுக்கொண்டு ஒதுங்க, ஒவ்வொரு சொல்லும் இலட்சுமணன் கழுத்தில் ஒரு கயிறாக விழுந்தது. கடைசி ஆளும் போய்விட்டார். இன்ஸ்பெக்டர் இலட்சுமணனின் இடது கையைப் பிடித்தார். நல்லம்மா பெண்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள்.

தூரத்தில் மோட்டார் வள்ளத்தின் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் சரவணமுத்தரை என்ன செய்ததோ தெரியாது. நிமிர்ந்து நின்றார்.

"நான் சாட்சி. நான் குடித்தேன். ஒவ்வொரு நாளும் குடித்தேன். குடித்து வெறித்தேன்."

மதுவொழிப்புச் சங்கத் தலைவரின் குரல் கணீரென்று இருந்தது. சறோஜினிதேவி பக்கத்திலிருந்த பெண்ணைப் பிடித்துக்கொண்டார்.

"என் வீட்டுக்குள்தான் வெறித்தேன், ஆகவே பொது வீதிக் குற்றம் ஆகாது. மக்கள் படும் துன்பத்தைத் தலைவன் தானும் பட்டறிய வேண்டாமா? கேடயத்துக்காகச் சொல்லவில்லை. கொள்கைக்காக வெறித்தேன்."

"நானும் வெறித்தேன்," என்றார் பாலசிங்கம், பின்தங்கிவிடுவோம் என்ற பயத்தில். "தலைவரைவிடக் கூட வெறித்தேன். செயலாளருக்குத்தான் பொறுப்பு அதிகம்."

இன்ஸ்பெக்டர் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். ஒருவர் பென்சனியர், மற்றவர் சட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பவர். இருவரும் காலில் சப்பாத்துப் போட்டிருந்தார்கள். ஆனாலும் அவர் நாக்கு அவருக்கு வேறு சொல்லிக்கொண்டிருந்தது.

"அப்படியென்றால் இதைக் குடித்து வெறித்துக் காட்டுங்கள்."

வள்ளத்தின் சத்தம் கிட்ட வந்தது. இலட்சுமணனுக்கு ஒரு கைதான் சும்மா இருந்தது. அந்தக் கையாலேயே வார்த்துக் கொடுத்தான். சரவணமுத்தர் ஒரு பிளா குடித்தார். இன்னொன்று குடித்தார். பிறகு, ஊருக்குப் படிப்பித்ததை ஊருக்கு முன்னால் செய்தார். கால் பின்னவேண்டிய இடத்தில் பின்னியது. வேட்டி அவிழவேண்டிய நேரத்தில் அவிழ்ந்தது. "யாரடா என்ரை ரெயிலை மறிக்கிறது?" என்று கத்திக்கொண்டு தோரணத்தோடு போய்ச் சாய்ந்தார். பாலசிங்கம் புழுதியில் உருண்டு, பிறக்கிராசியாரைப் பேர் சொல்லி ஏசினார். அந்த ஏச்சில் மட்டும் நடிப்பில்லை என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.

இன்ஸ்பெக்டர் இலட்சுமணனின் கையை விட்டார்.

"மதிப்புக்குரிய பெரியவர்கள் இருவர் சாட்சி சொல்கிறார்கள். கண்ணாலும் கண்டேன். ஆகவே இது கள்." ஓர் அரசாங்க அதிகாரி தம் நாக்கைத் தள்ளிவைத்துவிட்டுச் சாட்சியை ஏற்றார். பிறகு இலட்சுமணன் பக்கம் திரும்பினார். "பெரியவர்கள் கள்ளென்று சொல்லும்போது நீ கருப்பநீரென்று பொய் சொன்னாய். பனையேறி பேச்சைப் பொருட்படுத்த நான் முட்டாள் அல்ல. இந்தமுறை எச்சரித்து விடுகிறேன்."

இலட்சுமணன் தன் கத்தியை எடுத்து இடுப்பில் கட்டினான். உண்மையைச் சொல்லியும் தப்பிவிட்டான். அவனுடைய சொல்லுக்கு ஒரு பெறுமதியும் இல்லாததால் தப்பினான்.

துரை வள்ளத்திலிருந்து இறங்கியபோது, சரவணமுத்தர் வேட்டியை இறுக்கிச் சால்வையை மடித்துப் போட்டு, மாலையும் கையுமாக நேர்கோட்டில் நின்றார். அவ்வளவு விரைவாக வெறி முறிந்த மனிதரை அந்தத் தீவு அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

எல்லாரும் மூடச்சொல்லி வாக்குப் போட்டார்கள். கேடயம் வந்தது. படம் எடுத்தார்கள், படத்துக்குள் நிழல் விழுகிறதென்று இலட்சுமணனைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். கடைசியாக, கொட்டிலில் இருந்த முட்டிகளை ஒவ்வொன்றாக உடைத்து அந்த நஞ்சை மண்ணில் ஊற்றினார்கள். அன்று பின்னேரம் தவறணை முற்றம் முழுவதும் எறும்பு மொய்த்தது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நல்லது.

அடுத்த கூட்டத்தில் பாலசிங்கம் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: கேடயம் பெற்ற சங்கத்தின் அங்கத்தவர்கள், கள் விற்ற ஒருவனைத் தங்கள் பனைகளில் ஏறவிடுவது சங்கத்துக்கு இழுக்கு. ஏகமனதாக நிறைவேறியது.

இலட்சுமணன் முற்றத்தில் நின்றான். "ஐயா, நீங்கள்தானே விக்கச் சொன்னனீங்கள்?"

"நாங்கள் திறந்தது மூடுறதுக்காக," என்றார் சரவணமுத்தர். "நீ வித்தது விக்கிறதுக்காக. வித்தியாசம் தெரியேல்லையோ?"

"நான் வித்தது கருப்பணி எண்டு உங்களுக்கே..."

அவர் கையை உயர்த்தினார். இலட்சுமணன் நிறுத்தினான்.

சீவாத பாளை தங்காது. ஒரு கிழமைக்குள் பாளைகள் நுனி கறுத்தன. வேறு ஆள் பிடிக்கப் பார்த்தார்கள். கிடைத்தவன் சுண்ணாம்பு மறந்து கட்டி, உண்மைக் கள்ளையே இறக்கிவிட்டான். அதைக் கள்ளென்று தெரியாமல் ஒரு செம்பு குடித்த பாலசிங்கம் இரண்டு நாள் எழும்பவில்லை. அவனைத் துரத்திவிட்டார்கள். ஊர் ஆண்கள் பின்னேரமானால் பழைய தவறணைப் பக்கம் சும்மா நடந்துவிட்டுத் திரும்பினார்கள். தடுமாறச் சொல்ல ஆளில்லை. இருந்தும் சிலருக்குக் கால் தானாகப் பின்னியது.

இலட்சுமணன் அல்லைப்பிட்டிக்குக் கரைவலை இழுக்கப் போனான். பழகாத கை, கயிறு உள்ளங்கையை உரித்தது. வளவு மூலையில், தங்களுக்கென்று இருந்த ஒற்றைப் பனையில் மட்டும் விடியமுன் ஏறி இறங்குவான். அந்த ஒரு முட்டிக் கருப்பநீரில்தான் நல்லம்மாவின் அடுப்பு எரிந்தது.

ஒருநாள் காலை, பத்து மணி வெயிலில், சரவணமுத்தர் குடையோடு படலையடிக்கு வந்தார். சால்வைக்குள் எதையோ மறைத்துப் பிடித்திருந்தார். அது செம்பு என்பது நல்லம்மாவுக்குத் தெரிந்தது.

"எடி நல்லம்மா. அவன் இல்லையோ?"

"வலை இழுக்கப் போயிட்டார் ஐயா. ஏற மரம் இல்லையே."

அவர் குசினிப் பக்கம் பார்த்தார். "உதென்ன, முட்டிக்கை?"

"கருப்பணி ஐயா."

"அண்டைக்கு... அங்கை இருந்ததுதானோ?"

"அங்கை இருந்தது கள்ளெண்டு நீங்கள்தானே ஐயா இன்ஸ்பெக்டருக்குச் சொன்னனீங்கள்? கள்ளெண்டால் இஞ்சை இல்லை. நீங்கள் மூடிப்போட்டியள். கருப்பணி எண்டால் கிடக்கு."

சரவணமுத்தர் ஒழுங்கையின் இரு பக்கமும் பார்த்தார். ஆளில்லை. நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டார்.

"நீங்கள் இவ்வளவு நாளும் குடிச்சது என்னெண்டு ஒருக்காச் சொல்லுங்கோ," என்றாள் நல்லம்மா. குரலில் மரியாதை குறையவில்லை. இந்த ஒரு பனையையும் போகப்பண்ண அவருக்கு எவ்வளவு நேரம்? இருந்தும் சொன்னாள். "நீங்கள் சொல்லுறதையே நான் வாக்கிறன்."

அவர் பழக்கத்தில் கையை உயர்த்தினார். நல்லம்மா நிறுத்துவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தாள். உயர்த்திய கை சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு இறங்கியது. அவர் வெறுஞ்செம்பைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டு, திரும்பி நடந்தார்.

வேலி முடியும் இடத்தில் நின்றார்.

"என்ரை வளவுப் பனையள் பாளை காயுது. நாளைக்கு வந்து ஏறச் சொல்லு."

"சங்கம் என்ன சொல்லுமோ ஐயா?"

"சங்கத்துக்கு நான் சொல்லுறன். மற்றவையும் குடுப்பினம்."

நாலடி நடந்தவர், மறுபடியும் திரும்பி வந்தார். படலைக்கு மேலால் குனிந்து, ரகசியம்போலச் சொன்னார்:

"சுண்ணாம்பு முந்திப் போட்ட அளவே போடச் சொல்லு. கூடினால் நாக்குப் பொத்துது."

பின்னேரம் இலட்சுமணன் உடம்பெல்லாம் மீன் வெடிலோடு வந்தபோது நல்லம்மா எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். உள்ளே போய், பரணில் கவிழ்த்து வைத்திருந்த முட்டிகளை இறக்கித் தூசி தட்டினான். சிரட்டையில் சுண்ணாம்பை எடுத்துத் தண்ணீர் விட்டு, உரிந்த கையாலேயே கரைக்கத் தொடங்கினான். எரிந்திருக்கும்.

பாதி கரைத்த பிறகுதான், பிள்ளைகளே, அவனுக்குச் சிரிப்பு வந்தது.